அப்பாவுக்கு மூளைல வலது பக்கம் அடைப்பு, இப்ப ஞாபகத்துலயே இடது பாதி காணோம். உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

செவ்வாய்ப்பேட்டை_பொண்ணு
காலை 6:12

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். எங்கப்பா வெள்ளிக் கொலுசு தொழில், 61 வயசு, சின்ன வயசுல இருந்தே பட்டறைதான். நாலு மாசம் முன்னாடி காலைல பத்தவெச்சுட்டு இருந்தப்ப கையில இருந்த சாமணம் நழுவி விழுந்துச்சு, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, இடது கை தூக்க வரல. 108க்கு போன் பண்ணி உடனே கூட்டிட்டுப் போனோம். மூளைல வலது பக்கம் ரத்தக்குழாய் அடைப்புன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. உயிர் பிழைச்சாரு, அந்த மாரியம்மனுக்குதான் நன்றி. இப்ப கோல் பிடிச்சு நடக்கறாரு, பேச்சும் தெளிவாதான் இருக்கு.

வீட்டுக்கு அனுப்பறப்ப ஆஸ்பத்திரியில இன்னிக்கு என்ன தேதி, முதலமைச்சர் யாரு, நூறுல இருந்து ஏழு ஏழா கழிங்கன்னு கேட்டாங்க, எல்லாத்துக்கும் டக்கு டக்குனு சொன்னாரு. ஞாபகம் எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா வீட்டுக்கு வந்த முதல் நாளே இலை போட்டு சாப்பாடு வெச்சா, "ஏண்டி பொரியல் வைக்கல, ஊறுகாய் எங்க"ன்னு அம்மாவைக் கேக்கறாரு. எல்லாம் இலையில இடது பக்கம் மேலதான் இருக்கு. இலையைத் திருப்பி வெச்சதும் இதோ இருக்கேங்கறாரு. தராசுல 148.5 கிராம்னு காட்டுனா 48.5ன்னு படிக்கறாரு. பஸ் போர்டுல செவ்வாய்ப்பேட்டைன்னு எழுதியிருந்தா பேட்டைங்கறாரு.

கண்ணுல ஏதோ கோளாறுன்னுதான் இவ்வளவு நாள் நெனச்சுட்டு இருந்தேன். போன வாரம் சித்தப்பா வந்து, அப்பா முன்னாடி போட்ட ஒரு மாங்கா டிசைன் கொலுசைக் கேட்டாரு, சும்மா பேப்பர்ல வரைஞ்சு காட்டுண்ணான்னு. அப்பா கண்ணை மூடி யோசிச்சு வரைஞ்சாருங்க. வலது பக்கம் கண்ணி, மாங்கா, சலங்கை எல்லாம் அச்சு மாதிரி. இடது பக்கம் ஒண்ணுமே இல்ல. பேப்பரைத் தள்ளி வெச்சுட்டு "முடிஞ்சுது"ன்னுட்டாரு. பார்த்து வரையல, மனசுல இருந்து வரைஞ்சாரு, அப்புறம் எப்படிங்க பாதி போகும்? கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே? ராத்திரி தூக்கம் வரல. ஆயிரம் டிசைன் மனசுல வெச்சிருந்த மனுஷன் அவரு.

ஐந்துரோடு_சரவணன்
காலை 7:40

அக்கா பயப்படாதீங்க. வயசானா மறதி சகஜம். வல்லாரைக் கீரை வாரம் ரெண்டு நாள் குடுங்க, ஒருக்கா கண் டாக்டரையும் பாருங்க, கண்ணாடி பவர் மாறியிருக்கும்.

பிசியோ_அம்மாபேட்டை
காலை 9:05

தம்பி நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இது மறதியும் இல்ல, கண்ணாடி பவரும் இல்ல. நான் பக்கவாதம் வந்தவங்களுக்கு வீட்டுக்குப் போய் பயிற்சி குடுக்கறவ, இந்த மாதிரி நெறைய பேரைப் பார்த்திருக்கேன்.

வலது மூளை அடிபட்டா ரெண்டு விதமா வரலாம்ங்க. ஒண்ணு, ரெண்டு கண்ணுலயும் இடது பாதி பார்வையே போயிடறது. அப்படிப்பட்டவங்களுக்கு இந்தப் பக்கம் தெரியலைன்னு பெரும்பாலும் அவங்களுக்கே தெரியும், அதனால தலையைத் திருப்பித் தேடுவாங்க. இன்னொண்ணு, பார்வை இருக்கும், கவனம் அந்தப் பக்கம் போகாது. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே மனசுல தட்டாது, அதனால தேடவும் மாட்டாங்க. இலையில பொரியல் இல்லைன்னு அம்மாவைக் கேட்டாருன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு இந்த ரெண்டாவதுதான் தோணுச்சு. ரெண்டும் சேர்ந்தே இருக்கறவங்களும் உண்டு, அதனால கண் பார்வைப் பரப்பு டெஸ்ட் ஒண்ணு கண்டிப்பா எடுத்துடுங்க.

இடது மூளை அடிபட்டவங்களுக்கும் இது வரும், ஆனா வலது அடிபட்டவங்களுக்குத்தான் அதிகமா வருது, ரொம்ப நாள் நிக்கறதும் அவங்களுக்குத்தான். காரணம் என்னன்னா, வலது மூளை ரெண்டு பக்கத்தையும் கவனிச்சுக்கும், இடது மூளை பெரும்பாலும் வலது பக்கத்தை மட்டும்தான் கவனிக்கும்னு சொல்றாங்க. இடது போனா வலது ரெண்டையும் தாங்கிக்கும், வலது போனா தாங்க ஆளில்ல.

தயவுசெஞ்சு அவருகிட்ட "இது கூடவா தெரியல"ன்னு மட்டும் யாரும் கேட்டுடாதீங்க. வீம்புக்கோ சோம்பேறித்தனத்துக்கோ அவரு பண்ணல. தனக்கு ஒரு குறை இருக்குங்கறதே சில பேருக்கு உள்ளுக்குள்ள தெரியறதில்ல. 1914லயே பாபின்ஸ்கின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் அதுக்குன்னு தனிப் பேரே வெச்சாரு.

நரம்பு_மாணவி
காலை 11:31

மனசுல இருந்து வரைஞ்சா எப்படிப் பாதி போகும்னு அக்கா கேட்டது ரொம்ப ஆழமான கேள்விங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதுதான். இத்தாலியில பிசியாக், லுசாட்டின்னு ரெண்டு பேரு 1978ல இதையேதான் கேட்டாங்க.

மிலான் ஊர்ல ஒரு பெரிய சதுக்கம், அதோட ஒரு ஓரத்துல பெரிய சர்ச். அந்த ஊர்லயே வாழ்ந்தவங்க, வலது மூளை அடிபட்டவங்க ரெண்டு பேருகிட்ட, "நீங்க சதுக்கத்தோட எதிர் ஓரத்துல சர்ச்சைப் பார்த்து நிக்கறதா நெனச்சுக்கோங்க, என்னென்ன தெரியுது சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் பெரும்பாலும் வலது பக்கத்துக் கட்டடம், கடை இதையே சொன்னாங்க. அப்புறம் "இப்ப சர்ச் வாசல்ல நின்னு இந்தப் பக்கம் பாக்கறதா நெனச்சுக்கோங்க"ன்னாங்க. மனசுக்குள்ள திரும்பி நின்னதும், முதல்ல விட்டுப்போன கட்டடமெல்லாம் இப்ப வலது பக்கமா ஆயிடுச்சு இல்லையா, அதையெல்லாம் சொல்லிட்டாங்க! முதல்ல சொன்னது பெரும்பாலும் இப்ப விட்டுப்போச்சு.

அப்படின்னா சேத்து வெச்சது எதுவும் அழியல அக்கா. மனசுல ஒரு காட்சியை விரிச்சுப் பாக்கறப்ப அதுக்கும் ஒரு இடது பக்கம், ஒரு வலது பக்கம் இருக்கு, கவனம் அங்கயும் இடது பக்கம் போகாம நின்னுடுது. உங்கப்பா மனசுல அந்த மாங்கா முழுசாதான் இருக்கும்னு நான் நெனைக்கறேன்.

வெளிய பாக்கறதுல கோளாறு இல்லாம மனசுல விரியற காட்சியில மட்டும் இடது விட்டுப்போறவங்களும் உண்டு, நேர்மாறா இருக்கறவங்களும் உண்டு. தேதி, முதலமைச்சர் பேரு கேக்கற டெஸ்ட்ல எல்லாம் இது மாட்டவே மாட்டாது, அதெல்லாம் வார்த்தையில இருக்கற ஞாபகம். கோடு குடுத்து நடுவுல குறி போடச் சொல்றது, பேப்பர் முழுக்க இருக்கற சின்னச் சின்ன கோட்டை எல்லாம் அடிக்கச் சொல்றது, கடிகாரம் வரையச் சொல்றது, இந்த மாதிரி டெஸ்ட் கேளுங்க. ரே உருவம்னு ஒண்ணும் இருக்கு, 1941ல ஆந்த்ரே ரேன்னு ஒருத்தர் கொண்டுவந்தது. சிக்கலான ஒரு படத்தை முதல்ல பார்த்து வரையணும், கொஞ்ச நேரம் கழிச்சு பார்க்காம வரையணும். பார்த்து வரையறதுலயே போச்சா, ஞாபகத்துல போச்சான்னு அதுல பிரிச்சுப் பார்க்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை_பொண்ணு
இரவு 9:48

நரம்பு மாணவி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சுட்டு, சாயங்காலம் அப்பா திண்ணையில உக்காந்திருந்தப்ப நானே கேட்டுப் பார்த்தேன். எங்களுக்கு மிலான் எல்லாம் எதுக்கு, எங்க தெருவே இருக்கே, அவரு பொறந்து வளர்ந்த தெரு.

"அப்பா, கோயில் முனையில நின்னு மார்க்கெட் பக்கம் பாக்கறதா நெனச்சுக்கோங்க, என்னென்ன இருக்கு சொல்லுங்க"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டாரு. "பூக்கடை, அரிசி மண்டி, பாத்திரம் ஈயம் பூசறவன் கடை, அப்புறம் அந்த வேப்ப மரம், அதுக்கடுத்து இரும்புக் கடை"ன்னு வரிசையா சொன்னாரு, அத்தனையும் வலது பக்கம். வேறன்னு கேட்டேன். "அவ்வளவுதான் தெரு"ன்னாரு. டீக்கடையைச் சொல்லலைங்க! தினம் ரெண்டு வேளை டீ குடிச்ச கடை, ராத்திரி தட்டுவடை செட் போடற வண்டி நிக்கற எடம், எங்க பட்டறை சந்து, எல்லாமே இடது பக்கம். பட்டறையையே சொல்லலைன்னதும் எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

அப்புறம் "சரி, இப்ப மார்க்கெட்ல இருந்து வீட்டுக்கு வர்றீங்க, கோயில் எதிர்ல தெரியுது, இப்ப சொல்லுங்க"ன்னேன். உடனே "நம்ம சந்து, டீக்கடை, செட்டுக்காரன் வண்டி, தையக்கடை"ன்னு கடகடன்னு சொல்றாரு. செட்டுக்காரன் பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வெச்சிருக்கற டப்பா வரைக்கும் சொன்னாரு. ஆனா அரிசி மண்டி போச்சு, வேப்ப மரம் போச்சு.

உள்ள அத்தனையும் இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டதே எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாகிட்ட சொல்லி அழுதேன்.

மலைரோடு_டிரைவர்
இரவு 10:20

ஏற்காட்டுல இருந்து எழுதறேன். 22 வருஷம் சேலம் அடிவாரத்துல இருந்து மேல ஜீப் ஓட்டினவன். எனக்கும் இதேதாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு, வலது பக்கம், லேசாத்தான் வந்துச்சு. கை கால் ஒரு மாசத்துல சரியாயிடுச்சு, எல்லாரும் தப்பிச்சடா சாமின்னாங்க.

நம்ம ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, உங்களுக்குத் தெரியும். தூக்கம் வராதப்ப மனசுக்குள்ள ஒவ்வொரு வளைவா ஏத்திக்கிட்டே போவேன், அது என் பழக்கம். ஆஸ்பத்திரியில படுத்துட்டு அதே மாதிரி ஓட்டிப் பார்த்தேன், 11 வளைவுல ஏரிக்குப் போய்ச் சேர்ந்துட்டேன். திரும்பத் திரும்ப ஓட்டியும் அதே கணக்கு. வலது பக்கம் ஒடிக்கற வளைவெல்லாம் வருது, இடது பக்கம் ஒடிக்கறது ஒண்ணு ரெண்டைத் தவிர வரவே இல்ல. அது தப்புன்னே எனக்குத் தோணல, ரோடே அப்படித்தான் இருக்குன்னு இருந்துச்சு. கணக்கு 20 ஆச்சேன்னு புத்தி சொல்லுது, மனசுல இருக்கற ரோடு அதைக் கேக்க மாட்டேங்குது.

மாணவி சொன்ன மாதிரி திருப்பி நின்னு பாக்கற வித்தை மலை ரோட்டுல சரிவராதுங்க, ஏன்னா பள்ளம் ஒரு வளைவுக்கு இந்தப் பக்கம், அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம். அந்தப் பொண்ணு செஞ்ச மாதிரி நேர் தெருதான் அதுக்கு நல்லது.

ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கேக்கறேன். இது இருக்கறவங்க கையில வண்டியைக் குடுக்காதீங்க. டூவீலர் கூட வேண்டாம். எனக்கு ஒரு தடவை ஸ்டியரிங் பிடிக்கணும்னு ஆசை அடங்கல, ஆனா இடது பக்கம் நடந்து வர்ற கொழந்தை என் மனசுலயே இருக்காதுன்னு தெரிஞ்சப்புறம் சாவியை மச்சான்கிட்ட குடுத்துட்டேன். இப்ப காப்பி எஸ்டேட்ல மேஸ்திரி வேலை. வளைவு இப்ப 18 வரைக்கும் வருது.

தறி_வீட்டு_மகன்
காலை 5:55

அம்மாபேட்டை, தறி குடும்பம். எங்கம்மாவுக்கு வந்தது போன வருஷம். நாங்க எப்படிக் கண்டுபிடிச்சோம் தெரியுங்களா, கோலத்துல. ஏழு புள்ளி ஏழு வரிசை வெக்கறவங்க, அன்னிக்கு வலது பக்கம் நாலு வரிசை மட்டும் வெச்சு, அதைச் சுத்தி கம்பி இழுத்து, இழை எல்லாம் அழகா முடிச்சுட்டு எழுந்துட்டாங்க. பாதிக் கோலம் வாசல்ல கெடக்குது, அவங்களுக்கு அது முழுக் கோலம். அக்கம்பக்கத்துல சகுனம் அது இதுன்னு பேசுனாங்க, அதுதான் ரொம்ப வலிச்சுது.

எங்களுக்கு வந்த பிசியோ சொல்லி, கோலம் போடற எடத்துல இடது ஓரம் மட்டும் முதல்ல காவி இழுத்துடுவோம். "அம்மா, காவி தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்க, அங்க இருந்து புள்ளியை ஆரம்பிங்க." அவ்வளவுதான். ரெண்டு மாசம் தினமும் சொல்ல வேண்டியிருந்துச்சு, இப்ப அவங்களே காவியைத் தேடறாங்க.

ஐந்துரோடு_சரவணன்
காலை 8:15

முதல்ல எழுதுனதுக்கு மன்னிச்சுக்கோங்க அக்கா, தெரியாம சொல்லிட்டேன். ஒரு சந்தேகம். வலது மூளைதான் கலை, படம், கற்பனை, இடது மூளை கணக்கு, பேச்சுன்னு சொல்வாங்களே, அப்ப அப்பாவோட கொலுசுக் கலையே வலதுலதான் இருந்துச்சா?

நரம்பு_மாணவி
மதியம் 1:10

அந்த மாதிரி சுவர் வெச்சுப் பிரிக்க முடியாது சரவணன். ஆனா ஞாபகத்துல ஒரு சாய்வு உண்டு, அதை நல்லாக் காட்டினவங்க கனடாவுல மாண்ட்ரியல்ல பிரெண்டா மில்னர். வலிப்புக்காக நெத்திப்பொட்டுக்குக் கீழ இருக்கற மூளைப் பகுதியை ஒரு பக்கம் மட்டும் ஆபரேஷன் பண்ணி எடுத்தவங்களை வருஷக்கணக்கா பார்த்தாங்க. இடது பக்கம் எடுத்தவங்களுக்குக் கேட்ட கதை, வார்த்தைப் பட்டியல் நிக்கறது கஷ்டமாச்சு. வலது பக்கம் எடுத்தவங்களுக்கு முகம், உருவம், வழி இந்த மாதிரி வார்த்தையில சொல்ல முடியாதது கஷ்டமாச்சு. பின்னாடி வந்த ஆராய்ச்சியில இடது–வார்த்தை கணக்கு உறுதியாவே நின்னுச்சு, வலது–உருவம் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுது. உருவத்தையும் நாம மனசுக்குள்ள பேரு வெச்சு ஞாபகம் வெச்சுக்கறதும் ஒரு காரணம். "மாங்கா"ன்னு பேரு இருந்தா இடது மூளையும் கை குடுக்கும் இல்லையா.

ரெண்டு பக்கமும் போனா கதையே வேற. ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு 1953ல ரெண்டு பக்கமும் எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் 2008ல சாகற வரைக்கும் புதுசா பார்த்த முகம், நடந்த சம்பவம் எதுவும் அவருகிட்ட தங்கல.

அக்காவோட அப்பாவுக்கு இருக்கறது இதுல எதுவும் இல்ல, ஞாபகம் சேருது, எடுக்கறப்ப இடது பக்கம் கவனம் போகல. இதையும் அதையும் குழப்பிக்க வேண்டாம்னுதான் நீட்டி எழுதினேன்.

குகை_தங்கச்சி
மாலை 4:32

மாணவி சொன்னது எங்கண்ணனுக்கு அப்படியே பொருந்துதுங்க. அவனுக்கு இடது பக்கம், வலிப்புக்கு ஆபரேஷன், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள்ல. வலிப்பு நின்னு மூணு வருஷம் ஆச்சு, எங்க குலசாமி புண்ணியம். ஆனா கடைக்கு அனுப்பி அஞ்சு சாமான் வாயால சொன்னா ரெண்டோட வருவான். ஒரு தடவை போன ரோடு மறக்க மாட்டான், ஒரு தடவை பார்த்த முகம் மறக்க மாட்டான், பேரு மட்டும் வராது. அதனால சாமானை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிடுவேன், ஒண்ணு விடாம வாங்கிட்டு வருவான். எது போச்சோ அதையே பிடிச்சு இழுக்காம எது நல்லா இருக்கோ அதுல ஏறிப் போறோம்.

பிசியோ_அம்மாபேட்டை
இரவு 8:50

அக்கா, வீட்டுல செய்ய வேண்டியது சொல்றேன். அடைப்பு வந்த முதல் சில மாசம் முக்கியமான காலம், இப்பவும் விட்டுடாதீங்க. சாப்பிடற எடம், படிக்கற பேப்பர், வேலை செய்யற பலகை எல்லாத்துலயும் இடது ஓரம் ஒரு செவப்பு அடையாளம், அது கண்ணுல படற வரைக்கும் தலை திரும்பணும், அப்புறம்தான் வேலை. பேசறப்ப அவருக்கு இடது பக்கமா உக்காருங்க, ஆனா முதல்ல குரல் குடுத்து, தோளைத் தொட்டுட்டு. திடீர்னு அந்தப் பக்கம் போய் நின்னா திடுக்கிட்டுப் போவாங்க. இடது விரல் லேசா அசையுதுன்னா, ஏதாவது தேடறப்ப அந்த விரலையும் அசைக்கச் சொல்லுங்க, அது கவனத்தை அந்தப் பக்கம் இழுக்கும்.

பட்டகக் கண்ணாடின்னு ஒண்ணு உண்டு. காட்சியை எல்லாம் வலது பக்கம் கொஞ்சம் தள்ளிக் காட்டும், அதைப் போட்டுட்டு எதிர்ல இருக்கற பொருளை விரலால தொட்டுத் தொட்டுப் பழகணும், கழட்டினதும் கை தானா இடது பக்கம் சாயும். பிரான்ஸ்ல ரொசெட்டிங்கறவரும் கூட இருந்தவங்களும் 1998ல இதை எழுதினாங்க. சிலருக்கு நல்லா வேலை செய்யுது, சிலருக்குப் பெருசா வித்தியாசம் தெரியல. அதனால டாக்டரைக் கேக்காம ஆன்லைன்ல வாங்கிப் போட்டுடாதீங்க.

2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, வீட்டுக்கே வந்து பிசியோ குடுப்பாங்க, உங்க பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க.

செவ்வாய்ப்பேட்டை_பொண்ணு
மூணு வாரம் கழிச்சு, இரவு 9:15

எல்லாருக்கும் பதில் போடாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க, ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை, வீடு நிறைய ஆளுங்க. பார்வைப் பரப்பு டெஸ்ட் எடுத்தோம், பார்வை ரெண்டு பக்கமும் இருக்குன்னுட்டாங்க. கோடு அடிக்கற டெஸ்ட்ல இடது பக்கம் பாதிக்கு மேல விட்டுட்டாரு. இப்ப வாரம் மூணு நாள் பயிற்சி.

நேத்து அந்தப் பாதி மாங்கா பேப்பரை எடுத்தேன். அப்பாகிட்ட, "இந்தக் கொலுசு மாட்டியிருக்கற கால் உங்க எதிர்ல நிக்குது, நீங்க எழுந்து பின்பக்கமா போய்ப் பாக்கறீங்க"ன்னு சொல்லிப் பேப்பரையும் தலைகீழாத் திருப்பி வெச்சேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. பென்சிலை எடுத்து ஒரு கண்ணி போட்டாரு. அடுத்த கண்ணி. அப்புறம் மாங்கா, அந்த மூக்கு வளையற எடத்துல நிறுத்தி விரலால பேப்பரைத் தடவிப் பார்த்துட்டுத் தொடர்ந்தாரு. சலங்கை எண்ணிக்கை ஒண்ணு கொறச்சலா வந்துச்சு, கொக்கி வரைக்கும் போயிட்டாரு. சித்தப்பா பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு.

புதுரோடு_மாமி
இரவு 9:58

கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா. எங்க வீட்டுக்காரருக்கும் வலது பக்கம்தான், இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கோம். இலையில பொரியல் வைக்கலைன்னு அதேதான் சொன்னாரு. செவப்பு அடையாளம்னா என்ன வெக்கணும், எங்க வாங்கறது?

செவ்வாய்ப்பேட்டை_பொண்ணு
இரவு 10:04

மாமி, எதுவும் வாங்க வேண்டாம். இலைக்கு இடது பக்கம் தரையில ஒரு செவப்புத் துணி மடிச்சு வெச்சிருக்கோம், ஒரு கை அகலம். பேப்பருக்கு ஓரத்துல செவப்பு ஸ்கெட்ச் கோடு. தராசுக்கு மட்டும் அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு எடுத்து, நம்பர் தெரியற கண்ணாடிக்கு இடது பக்கம் ஒட்டிட்டாங்க. அப்பா முதல்ல பொட்டைத் தேடறாரு, அப்புறம்தான் படிக்கறாரு. இன்னிக்குக் காலைல 162ன்னு சரியாப் படிச்சாரு.